செய்யாமல் போன அடுத்த கேலிப்பர்

என் அக்காவுக்கு நடை பழகும் முன்பே இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போயிற்று. அடி எடுத்து வைக்கும்போது முழங்கால் மடங்கிவிடாமல் இருக்க, வலது கையால் தொடையை அழுத்திக்கொண்டே நடப்பாள். அப்படி நடந்தே படித்தாள், ஆசிரியைப் பயிற்சி முடித்தாள், திருவண்ணாமலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்கும் சேர்ந்தாள். காலைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. குறையெல்லாம் கையைப் பற்றித்தான். கரும்பலகையில் எழுதினால் புத்தகம் பிடிக்க முடியாது, குடையைப் பிடித்தால் பையை விட்டுவிட வேண்டும். ஒரு கை எப்போதும் காலுக்கே போய்விடுகிறது என்பாள்.

சின்ன வயதில் சென்னை ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு கேலிப்பர் கொடுத்திருந்தார்கள். காலின் இரு பக்கமும் இரும்புப் பட்டை, தொடையைச் சுற்றித் தோல் வார், அடியில் கனத்த பூட்ஸ். போட்டால் புண்தான் மிஞ்சியது. அது பரணுக்குப் போய்விட்டது.

எழுபதுகளின் நடுவில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமா போளூர் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். சுற்றுப்பட்டு விவசாயிகளின் பம்புசெட் பாகங்களைக் கடைந்து கொடுப்பதுதான் பெரும்பாலும் வேலை. ஒரு நாள் எங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது அந்தப் பழைய கேலிப்பர் அவர் கையில் சிக்கியது. ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், தான் ஒன்று செய்து தரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் சிரித்தாள். "செஞ்சுதான் பாருங்களேன். கடிச்சா கழட்டி வெச்சுடறேன்" என்றாள்.

முதலில் செய்தது கடிக்கத்தான் கடித்தது. கனமும் ஜாஸ்தி. அடுத்ததில் அலுமினியப் பட்டை போட்டார். கனம் குறைந்தது, ஆனால் வளைந்துகொண்டது. அதற்கடுத்ததில் தொடை வாரைக் கொஞ்சம் கீழே இறக்கினார். நான் அப்போது கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் பெரும்பாலும் அக்கா வீட்டில்தான் இருப்பேன். பட்டறையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, அக்காவின் காலை மடியில் தூக்கி வைத்துப் பார்ப்பார். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே தோல் உரசியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துச் சாக்பீஸால் பட்டையில் குறி போடுவார். மறுநாள் அந்த இடத்தில் ஆணி மாறியிருக்கும், வளைவு மாறியிருக்கும்.

எங்களுக்கு வகுப்பில் அப்போது நடந்துகொண்டிருந்த பாடமும் அதுதான். சில சமன்பாடுகளுக்கு நேராக விடை காண முடியாது. தோராயமாக ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு பிசகுகிறதோ, அதை வைத்தே அடுத்த மதிப்பைத் திருத்த வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் விடையை நெருங்கலாம். அதை மாமாவிடம் சொன்னேன். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. வேறு எப்படிச் செய்வது என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா சமையலறையிலிருந்து இரண்டு கையிலும் காபி டம்ளர்களோடு நடந்து வந்தாள். கட்டை மாதிரி விறைப்பாகத்தான் நடந்தாள். ஆனால் தொடை மேல் கை இல்லை. மாமா டம்ளரை வாங்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுடுதுங்க, பிடிங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் வாங்கினார்.

இன்னும் ஒரு சங்கடம் பாக்கி இருந்தது. நிற்கும்போது கேலிப்பரின் முட்டிப் பூட்டு விழுந்து கால் நேராக நிற்கும். உட்கார வேண்டுமானால் புடவையைத் தூக்கி அந்தப் பூட்டை விடுவிக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் அது அவளுக்கு அவமானமாக இருந்தது. மாமா சைக்கிள் பிரேக் ஒயரை உள்ளே ஓட்டி, இடுப்பருகில் சின்னப் பிடி ஒன்று வைத்தார். பிடியை அமுக்கினால் பூட்டு விடுபடும். சில வாரங்கள் அவள் அதைப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போய்வந்தாள்.

அந்தக் கார்த்திகை தீபத்தன்று தேரடித் தெருவில் கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தோம். மலைமேல் தீபம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் நின்று கைகூப்பினார்கள். பின்னாலிருந்து நெருக்கியவர்களில் யாருடைய முழங்கையோ, கூடையோ அந்தப் பிடியில் இடித்திருக்க வேண்டும். அக்காவின் முட்டி மடங்கியது. கையை ஊன்றி விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. ஜனங்கள் மிதித்துவிடாமல் மாமா அவள் மேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

மாவுக்கட்டு அவிழ்க்கும் முன்பே அக்கா இடது கையால் ஒரு படம் வரைந்து அவரிடம் காட்டினாள். "பிடி வெளியில நீட்டிட்டிருக்கிறதுதான் தப்பு. உள்ள தள்ளி வெச்சு, இழுத்தாத்தான் வர மாதிரி செஞ்சுடுங்க. விழுந்ததுனாலதானே இது தெரிஞ்சுது" என்றாள்.

"இன்னொரு தபா நீ விழறத நான் பாக்கணுமா? என்னால ஆவாது" என்றார் மாமா.

நானும் அவரிடம் வாதாடினேன். பிசகு தெரிந்த பிறகு நிறுத்தினால் அதுவரை செய்ததெல்லாம் வீணாகிவிடும், விடை கிட்டத்தில் வந்துவிட்டது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"நீ போடற கணக்கு தப்பாச்சுன்னா காயிதத்தக் கிழிச்சுடுவ. இங்க தப்பு அவ ஒடம்புலதான விழுது" என்றார்.

 

முந்தைய கேலிப்பரையாவது போட்டுக்கொள்ளலாம் என்றால், அது இருந்தால்தானே. ஒவ்வொன்றையும் முந்தையதைப் பிரித்துத்தான் செய்திருந்தார். பட்டையும் முட்டிக் கீலும் அதிலிருந்து இதற்கு வந்தவை. ஒயரைக் கழற்றிவிட்டு பழையபடி பூட்டை மட்டும் வைத்துத் தரும்படி அக்கா கேட்டாள். செய்கிறேன் என்றார். தள்ளிக்கொண்டே போனார். அவள் திரும்பவும் தொடையில் கையை ஊன்றி நடக்க ஆரம்பித்தாள். குழந்தை பிறந்தது, பட்டறை பெரிதாயிற்று, அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. வேறு எதிலும் அவர் அவளுக்குக் குறை வைத்ததில்லை. அதனாலேயே அவளால் வற்புறுத்த முடியாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

நான் அதே கல்லூரியில் ஆசிரியையானேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் துறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பிசகு மிகச் சிறிதாகும்வரை திரும்பத் திரும்பச் செய் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டால், கண்ணிமைப்பதற்குள் அது அத்தனை தடவையும் செய்து முடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அக்காவின் ஞாபகம் வந்து பாடம் கொஞ்சம் தடுமாறியது. அந்தப் பெட்டிக்குத் தவறினால் வலிக்காது.

அந்த வருஷமே ஊரில் கால் ஊனமுற்றோருக்கு இலவச முகாம் ஒன்று நடந்தது. அக்காவை மாமாவும் நானும் கூட்டிப்போனோம். டாக்டர் அவளைக் குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தார். பல வருஷம் குனிந்து நடந்ததில் இடுப்பும் முதுகும் கோணிவிட்டன, இனி கேலிப்பர் தாங்காது என்றார். இவ்வளவு நாள் ஏன் எதுவும் போடவில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா, தனக்குத்தான் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

வெளியே வந்து ரிக்‌ஷாவுக்காக நின்றோம். மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, "செஞ்சிருக்கலாம்" என்றார்.

"சரி விடுங்க" என்றாள் அக்கா. "வெயில் ஏறுது. இப்படி நெழலுக்கு வாங்க."