துருவுக்குள் ஒரு சேவல்

இராஜபாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடை முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைக் கோட்டைவிட்டு நிற்கிறேன். கையில் கடைக் குவியலிலிருந்து எடுத்த மடக்குச் சவரக்கத்தி. வெட்டு விளிம்பு மட்டும் தப்பியிருக்கிறது, மற்ற இடமெல்லாம் துரு. அலகின் அடியில் ஏதோ முத்திரை. அது என்னவென்று தெரியாமல் கீழே வைக்க எனக்கு மனசு வராது.

கடைக்கார அக்கா கொஞ்சம் தேங்காயெண்ணெயும், பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப்போட்ட துணியும் தருகிறார். எண்ணெய் ஊறியதும் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கிறேன். முதலில் வால் தெரிகிறது, பிறகு கொண்டை. சேவல்! அதன் கீழே ஆங்கில எழுத்தில் ‘ஜெர்மனி’. பிடியைச் சூடேறத் தேய்த்து முகர்கிறேன். முடி கருகிய வாடை. அப்படியென்றால் பிளாஸ்டிக் இல்லை, அசல் கொம்பு.

“வெட்டுமா தம்பி?” என்கிறார் அக்கா.

எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். பழைய கத்தி தேடி அலைபவன் என்பதால் எப்போதும் பையிலிருக்கும் சாணைக்கல்லில் தீட்டி, இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதில் இழுக்கிறேன். முன்னங்கையில் வைத்ததும் முடி உதிர்கிறது.

அக்கா கத்தியை வாங்கி, கழிவுத் துணிச் சுருள் ஒன்றின் குறுக்கே இழுக்கிறார். ஒரு நூல்கூடப் பிசிறவில்லை. ஒர்க்‌ஷாப்புகளுக்குத் துடைக்க விற்கும் துணி அது. அம்புட்டையும் இதுவரை கத்தரிக்கோலால் வெட்டியவர்.

“எம்புட்டுக்கா?” இப்போதுதான் விலை கேட்கிறேன்.

அக்கா கத்தியை மடக்கி இடுப்பில் செருகுகிறார்.

“இது விக்கிறதுக்கு இல்ல தம்பி. கத்தரிக்கோலு வேணும்னா எடுத்துக்கிடுங்க.”