அர்பாத்துக்குக் காவல்

ஜனெத்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்லோவாகியாவின் கிழக்குக் கோடியில், ஊரைவிட்டு ஓடைக்கு அப்பால் ஒதுங்கிக் கிடக்கும் ரோமா இன மக்களின் குடியிருப்பில் இது எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாத்திரம் கழுவி மூன்று பிள்ளைகளைத் தனியாக ஆளாக்கியவள். குடியிருப்பு முழுவதற்கும் ஒரே குழாய், அதையும் ஊராட்சிக்காரர்கள் நினைத்தபோது பூட்டுவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஊராட்சி உறுப்பினர் தேர்தலில் நின்றுவிட்டாள்.

"பொம்பளைக்கு எதுக்குடி நாற்காலி?" என்று குழாயடியில் பலர் முன்னால் கேட்டார், உறவினர் ஓட்டையெல்லாம் தன் சொல்லில் வைத்திருந்த கிழவர் அர்பாத்.

"நீ செத்தாத்தான்யா இங்க தண்ணி வரும்" என்றாள் இவள்.

தேர்தலுக்கு முதல் நாள் அர்பாத் செத்துப்போனார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

அவர்கள் வழக்கப்படி, அடக்கம் முடியும்வரை பிணத்தைத் தனியே விடக் கூடாது, உறவுக்காரர்கள் கூடவே இருக்க வேண்டும். மீறினால் செத்தவர் கோபத்தோடு திரும்பி வருவார், சண்டை போட்டவரைத்தான் முதலில் தேடுவார். அர்பாத்துக்கு உறவு என்றால் குடியிருப்பில் பாதிப்பேர். வாக்குப்பதிவு நாளில் மதியம் தாண்டியும் ஒருவர்கூட ஓடையைக் கடக்கவில்லை. கீழே ஊருக்குள் வாக்குச்சாவடியில் ஊராட்சித் தலைவரின் ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்ததாகச் செய்தி வந்தது.

ஜனெத்தா பிண வீட்டுக்குள் நுழைந்ததும், விழித்திருப்பதற்காகச் சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்தார்கள்.

"வில்மா அத்தை, பொழுது சாஞ்சா ஓட்டுச் சாவடிய மூடிருவாங்க. இவங்களை அனுப்புங்க."

அர்பாத்தின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "போகட்டும். அவர்கூட யாரு இருப்பா? என் புள்ளைங்கள்ல ஒருத்தன் இருந்தா மத்தவனும் நகர மாட்டான்."

"நான் இருக்கேன்."

"நீயா? ராத்திரி உன் கழுத்த நெரிக்க வரப்போறதே அவருதான்" என்றான் மூத்த மகன்.

"வரட்டும். எனக்கும் அவர்கிட்டப் பேச வேண்டியது இருக்கு."

வில்மா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு முதல் ஆளாக வெளியே நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

ஜனெத்தா தனியானாள். செத்தவர் உருவம் தெரியக் கூடாதென்று கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். திறந்த சன்னலில் திரை அசைந்தபோதெல்லாம் பிணத்தின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நாற்காலியைப் பிணத்தின் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"மாமா, அப்படிப் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க. ஆனா தண்ணி வேணும் மாமா."

அவர்கள் திரும்பியதும் ஓடிப்போய்த் தன் ஓட்டையும் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கீழேயோ தலைவரின் ஆட்கள் ஒவ்வொருவர் அடையாள அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து நேரத்தைக் கடத்தினார்கள். மெழுகுவத்தி உருகி அடிக்கு வந்தது. சன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் எல்லாரும் ஒன்றாகத் திரும்ப, வில்மா மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எல்லாரும் போட்டாச்சு. எல்லாரையும் முன்னால விட்டு நாந்தான் கடைசி. எனக்குப் பின்னால கதவச் சாத்திட்டாங்க." பிறகு கணவனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இவரு சொல்லாம நான் போட்ட மொத ஓட்டு."

ஜனெத்தா அழுதாள்.

புது ஊராட்சியின் முதல் கூட்டத்தில், ஜெயித்து வந்த அவள் தன் நாற்காலியில் உட்காருமுன்பே தலைவர் சீண்டினார்.

"உனக்கு நீயே ஓட்டுப் போடலியாமே?"

"எனக்குப் போட ஆளு இருந்தாங்க" என்றாள் அவள். "மொதல்ல குழாய்ச் சாவிய எடுங்க."