கரை போட்ட பந்தல்

ஊர் ஊராகக் கல்யாணங்களுக்குப் பட்டு நெய்து அனுப்பும் ஆரணியில், பன்னிரண்டடித் தொட்டி ஒன்றுக்கு மேலே நிழல் போட எங்கள் வீட்டுக்கு ஒரு கோடை ஆயிற்று. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆறிப்போன கோபம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான்தான் அதைத் தொட்டி என்கிறேன். தெருவில் அதற்குப் பெயர் ஸ்விம்மிங் பூல். பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனாரே "ஸ்விம்மிங் பூல்காரங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். தறிக்கொட்டகைக்குப் பின்னால் மூன்றடி ஆழத்துக்குக் கட்டி, உள்ளே நீல ஓடு பதித்தோம். நீச்சலடிக்க இல்லை. எங்கள் மகளுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் விறைப்பு. குதிகால் தரையில் படாது; சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில்தான் நடப்பாள். வேலூரில் அவளைப் பார்க்கிற டாக்டர், தினமும் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் நடக்க விடுங்கள் என்றார். ஜூன் மாதம் பார்ப்போம், குதிகால் தரையைத் தொடாவிட்டால் ஆபரேஷன்தான் என்றார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஜில்லென்று இருந்தால் கால் இன்னும் விறைக்கும் என்றும் சொன்னார். இந்த ஊரில் அப்படி ஒரு குளத்துக்கு எங்கே போவது? கட்டினோம். என் வளையல்கள் அதில் போயின. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

வருத்தமெல்லாம் வேப்பமரத்துக்குத்தான். கொல்லையில் நன்றாக நின்ற மரத்தை, இலை உதிர்ந்து தண்ணீரைக் கெடுக்கும் என்று என் கணவர் வெட்டிப் போட்டார். "நெழலு வேணாமா?" என்று அப்போதே கேட்டேன்.

"தண்ணிக்கு இன்னாத்துக்கு நெழலு?" என்றார்.

தண்ணீருக்கு வேண்டாம். தண்ணீருக்குள் நிற்கிற பிள்ளைக்கு வேண்டாமா? ஏப்ரலில் அது தெரிந்தது. விடியற்காலையில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அது சூடேறுவதற்குப் பத்து மணி ஆகும். பத்து மணிக்கு எங்கள் ஊர் வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரே வாரத்தில் பிள்ளையின் தோள் தோலுரிந்தது. நீல ஓட்டில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் அழுதாள். "நா வர்ல, போ" என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்டாள்.

பெரிய ஓட்டல்களுக்குக் கூரை போடுகிற ஆள் ஒருவர் வந்து அளந்து பார்த்தார். அவர் சொன்ன தொகையில் இன்னொரு தொட்டியே கட்டியிருக்கலாம். அது போகட்டும். நாற்றுப் பண்ணையில் கட்டுகிற பச்சை வலை பஜாரில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. நாலு கம்பு, கொஞ்சம் வலை, அரை நாள் வேலை.

"போய் வாங்கிகினு வாங்க. இன்னிக்கே கட்டிடலாம்" என்றேன்.

என் கணவர் தறியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா பேசற நீ? நெசவுக்காரன் வூட்ல துணிய கடையில வாங்கிக் கட்டுவாங்களா? தெருவே சிரிக்கும். நானே நெய்ஞ்சு போடறேன்."

"எத்தினி நாளு ஆவும்?"

"ஜல்தியா முடிச்சிடுவேன். நீ பேஜார் பண்ணாத."

பதினெட்டு நாள் ஆயிற்று. தறியில் ஓடுகிற சேலை முடிய வேண்டும் என்றார். பிறகு நூல் பொருந்தவில்லை என்றார். வெயிலைத் தாங்கட்டும் என்று பாலியெஸ்டர் நூலைத் தேடி எடுத்தார். அந்தப் பதினெட்டு நாளில் முதல் சில நாள் நான் ஒரு கையில் குடையும் ஒரு கையில் பிள்ளையுமாகத் தண்ணீரில் இறங்கிப் பார்த்தேன். நாலாம் நாள் குடை காற்றில் திரும்பியது. குடையைப் பிடிக்கப் போய்ப் பிள்ளையை விட்டேன். முங்கி, தண்ணீர் குடித்து, இருமி எழுந்தாள். அன்றோடு தொட்டிப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் கொட்டகைக்குப் போய் ஈரப் புடவையோடு நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "கரைக்கு அரக்கு போடலாமா, பச்சை போடலாமா?" என்று கேட்டார்.

கரை! வெயிலுக்குக் கட்டுகிற துணிக்குக் கரை! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஈர முந்தானையை அங்கேயே பிழிந்துவிட்டு வந்தேன்.

முடித்துக் கொண்டுவந்தபோது, சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. சந்தன நிறம், இரண்டு பக்கமும் அரக்குக் கரை. வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஊசி முனை அளவுகூட ஓட்டை இல்லை. நாலு இரும்புக் குழாய் நட்டு விறைப்பாக இழுத்துக் கட்டினார். தெரு வந்து பார்த்தது. "எங்க அண்ணன் கை யாருக்கு வரும்?" என்றாள் நாத்தனார். பிள்ளையைக் கெஞ்சிக் கூத்தாடித் தண்ணீரில் இறக்கினேன். ஒரு பொட்டு வெயில்கூடப் படாத தண்ணீர் மதியம்வரை ஜில்லென்றே கிடந்தது. "கால் இழுக்குதும்மா" என்றாள். துணியை நாளும் கழற்றி மாட்டலாம் என்றால், கட்டு தளர்ந்து கரை கோணிப்போகும் என்று அவர் தொடவிடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கோடைமழைக்கு முன்னால் வருகிற காற்று வந்தது. போக வழியில்லாத காற்று துணியைத் தூக்கியது. இரண்டு குழாய்கள் பெயர்ந்தன. ஒன்று தொட்டிக்குள் விழுந்து நீல ஓடுகளை உடைத்தது. பத்து நிமிடம் முன்னால்தான் பிள்ளையை அந்த இடத்திலிருந்து தூக்கி, தலை துவட்டி, உள்ளே உட்கார வைத்திருந்தேன்.

அவர் ஓடிவந்தார். துணியைத்தான் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு நூலுகூட அறுந்துபோவல, பாத்தியா?" என்றார்.

நான் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். எங்கள் வீட்டில் நெய்த துணியில் இரும்பு வைப்பது சேலையைத் தறியிலிருந்து இறக்கும்போது மட்டும்தான். அதுவும் கற்பூரம் காட்டிவிட்டு. நான் கற்பூரம் காட்டவில்லை. கரையோடு சேர்த்துக் குறுக்கே வெட்டினேன். சாண் அகலத்துக்கு ஒரு பட்டை.

"பைத்தியமா புடிச்சிது ஒனக்கு?" என்று கத்தினார். கையைப் பிடிக்க வந்தார்.

"அந்தக் கொழா இருக்குதே, அது எங்க வுழுந்துது பாருங்க" என்றேன். "போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து என் கையப் புடிங்க."

போய்ப் பார்த்தார். உடைந்த நீல ஓட்டுப் பக்கத்தில் பிள்ளையின் ரப்பர் வளையம் மிதந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தார். துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்தார். நான் மொத்தத்தையும் வெட்டி முடித்தேன். மறுநாள் குழாய்களை ஆழமாக நட்டு, கயிறு கட்டி, நாடாக் கட்டில் பின்னுகிற மாதிரி பட்டைகளை மேலும் கீழுமாக விட்டுப் பின்னினோம். ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் நாலு விரல் சந்து விட்டேன். அவர் கை தானாக அதை நெருக்கிவிடும். நான் மறுபடி தள்ளிவைப்பேன்.

காற்று அதில் நுழைந்து போயிற்று. சந்து வழியாக விழுந்த வெயிலில் தண்ணீரும் வெதுவெதுப்பானது. தண்ணீர்மேல் நிழலும் வெளிச்சமும் கோடு கோடாக விழுந்தன. பிள்ளை அதை விளையாட்டாக்கிக்கொண்டாள். "இன்னிக்கி ஏழாவது கோடு வரைக்கும் வந்துட்டேம்மா" என்பாள். மறுவாரம் தொட்டிச் சுவர்க் கைப்பிடியை விட்டுவிட்டு ஒன்பது கோடு. ஒரு நாளும் விடவில்லை. ஆனால் ஜூன் வந்துவிட்டது.

டாக்டர் அவளை வெறும் தரையில் நிற்க வைத்தார். இடது குதிகால் தரையில் முழுசாகப் பதிந்தது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் வலது காலைப் பார்த்தார், அழுத்தினார், மறுபடி நிற்கச் சொன்னார். "இடது காலுக்கு ஆபரேஷன் வேண்டாம். வலது காலுக்குச் செஞ்சிடலாம்" என்றார். பிறகு, "நடுவுல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

"இருவது நாளுக்கு மேல ஆயிடுச்சிங்க" என்றார் என் கணவர்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். பிள்ளை அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். என் கணவர் அவள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, வலது குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் தன் சுட்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். விரல் தாராளமாகப் போய் வந்தது.