முனியாண்டி வளைவில் சிவப்புக் கட்டைகள்

சிரித்துக்கொண்டே வருகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது ரத்தத்தில் வந்த நோய். முன்பு சிரித்துக்கொண்டு வந்த தோட்டக் கம்பெனிக்காரர்கள் ரோஸ் சிராப் கொடுத்தார்கள், அளவு பார்த்தார்கள், சிவப்புக் கட்டை அடித்தார்கள். அடுத்த மழைக்குத் தொழிலாளர் லயத்தில் ஒரு வரிசை வீடு இல்லை.

இந்தத் தம்பியும் சிரித்துக்கொண்டுதான் வந்தான். ரவாங்கிலிருந்து வந்திருந்தான், தொப்பி, கையில் அட்டை. செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே ஓடும் செம்மண் பாதையில் கார் ராலிப் பந்தயம் நடத்தப் போகிறார்களாம். ஓட்டுகிறவர்களுக்கு ஆள் இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. "சும்மா வர்றவங்களையும் இழுக்கணும்ணே. ஐடியா சொல்லுங்க. தமிழ்ல மைக் பிடிக்க நீங்கதான் சரின்னு சொன்னாங்க."

செரண்டாவிலிருந்து நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் அக்காவைப் பார்க்க வருவேன். தோட்டத்தில் மிச்சமிருக்கும் லயத்தில் அக்கா இருக்கிறாள். பாதை வளையும் இடத்தில் தகரக்கூரை போட்ட முனியாண்டி கோயிலுக்கு அவள்தான் தினமும் விளக்கு வைக்கிறாள். கோயிலுக்குப் பத்திரம் கிடையாது. ஒரு காகிதம்கூடக் கிடையாது. கம்பெனி கண்டுகொள்ளாததால் நிற்கிறது, அவ்வளவுதான்.

கோயில் முன்னால் பெஞ்சு போட்டுப் பேசினோம்.

"ஒவ்வொரு காரா வருது, போவுது. யாரு முன்னாலன்னு எப்படித் தெரியும்? இது என்னா ரேஸு, கல்யாண ஊர்வலமா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

கடிகாரத்தோடுதான் போட்டி, குறைந்த நேரத்தில் கடப்பவர்தான் முதல் என்று தம்பி விளக்கினான். அப்படியானால் வளைவில் பெரிய கடிகாரம் வையுங்கள், முதல் காரின் நேரத்தை மேலே எழுதி வையுங்கள், ஒவ்வொருவனும் எத்தனை வினாடி பிந்தினான் என்று நான் மைக்கில் சொல்கிறேன் என்றேன். வாய் என்னுடையதுதான், சொல்லிவிட்டு என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

என் அக்காவும் விடவில்லை. "முனியாண்டியத் தாண்டுறப்ப ஹார்ன் அடிக்கச் சொல்லுலா. செம்பனை லோரியே அடிக்குது. அடிக்காதவனுக்கு நாங்க கைதட்ட மாட்டோம்."

"சூப்பர் ஐடியாக்கா!" தம்பி எழுதிக்கொண்டான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான், எதற்கும் மறுப்பே இல்லை. அதுதான் உறுத்தியது. எழுந்திருக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டான்: "இந்தக் கோயில் நிலம் யார் பேர்லண்ணே இருக்கு?"

நான் பெஞ்சைத் தூக்கிக் கோயிலோரம் சாய்க்கப் போனேன்.

ராலிக்கு முந்தைய நாள் சாயங்காலம் போனேன். வளைவைச் சுற்றிச் சிவப்புக் கட்டைகள், பெயிண்ட் இன்னும் ஈரம். கடைசிக் கட்டை சாமியின் சூலத்திலிருந்து மூன்று எட்டு. அக்கா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே, "ராலிக்காரங்க அடிச்சதுலா" என்றாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. அவள் வீட்டுக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காய்ந்த செம்பனை மட்டைக் குவியலுக்குள் செருகினேன். கட்டைகளைப் பறிகொடுத்தவன் நிலத்தை எங்கிருந்து அளப்பான்? அன்றைக்கு அது எனக்குப் பெரிய அறிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் ரவாங்கிலிருந்தெல்லாம் சனம் வந்துவிட்டது, பிள்ளைகளும் பாயும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமுமாக. தம்பி முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பில்லை.

"வழுக்கி வர்ற கார் எதுவரைக்கும் வரும்னு கணக்குப் பண்ணி அடிச்ச கட்டைண்ணே. அதுக்குப் பின்னாலதான் ஆளுங்க நிக்கலாம். கட்டையக் காணோம். இந்த வளைவுல யாரையும் நிக்க விடாதன்னு மேல சொல்லிட்டாங்க."

பிள்ளைகள் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"டேய், கையக் காட்டு."

நகக்கண்ணில் சிவப்பு. தேய்த்தும் போகவில்லை.

"அறிவு கெட்டவனே. கம்பெனிக்காரன் அடிச்ச கட்டைய ஒருத்தனும் புடுங்கல அன்னிக்கி. புடுங்குறதுக்கு இவன் கட்டைதான் கெடச்சுதா?"

மட்டைக்குள்ளிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். தம்பி அளந்து அளந்து திரும்ப அடித்தான், கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நம்பியிருப்பேன்.

சனம் கட்டைகளுக்குப் பின்னால் மறுபடியும் பாய் விரித்தது. பிறகு கார்கள் வந்தன. முதலில் காட்டுக்குள் ஓர் உறுமல், அப்புறம் புழுதி, அப்புறம் ஹார்ன்! ஒவ்வொருவனும் அடித்தான். நான் வினாடி சொல்லச் சொல்ல, கார் பெயர்கூடத் தெரியாத பெண்கள் "ரெண்டு செகண்டுல போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு நீலக் கார் மட்டும் அடிக்காமல் வந்தது, வளைவில் பின்பக்கம் வழுக்கி, ஒரு கட்டையைச் சாய்த்துவிட்டு நின்றது. சனம் சரியாக அதற்குப் பின்னால். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் மைக்கைக் கீழே இறக்கினேன். கட்டை இல்லாமல் சனம் நின்றிருந்தால்?

முடிந்ததும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்படியே அதையும் கேட்டேன்: "நிலம் யார் பேர்லன்னு எதுக்குத் தம்பி கேட்ட?"

"பெர்மிட் பாரத்துல ஒரு கட்டம் இருக்குண்ணே, நிரப்பணும்."

"என்ன எழுதுன?"

"கம்பெனின்னு எழுதிட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலயே."

இத்தனை காலமாக எந்தக் காகிதத்திலும் இல்லாத முனியாண்டி, முதல் முதலாக ஒரு காகிதத்தில் ஏறியிருக்கிறார். கம்பெனி நிலத்தில். அவன் தப்பு ஒன்றுமில்லை. அவன் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றது நான்தான்.

அக்காவுக்கு அதெல்லாம் பெரிதில்லை. அடுத்த தடவை எப்போது என்று கேட்டு அவனை நச்சரித்தாள். நீலக் கார் சாய்த்த கட்டையைக் கேட்டு வாங்கிச் சூலத்துப் பக்கத்தில் நட்டு, மல்லிகைக் கொடியைப் படரவிட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வளைவுக்கு வந்ததும் ஹார்ன் அடித்து மோட்டாரை நிறுத்துகிறேன். சுற்றிலும் பார்க்கிறேன். கட்டை அந்த ஒன்றுதான் என்று உறுதியான பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன்.