வெற்றிலைத் தட்டில் வைத்த சிகரெட்டுகள்

எங்கள் மக்கள் புகையிலையை அறியாதவர்கள் அல்லர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால், "உங்கள் வீட்டுக் கிழவர்கள் சுருட்டுக் குடிக்கவில்லையா?" என்று யாராவது கேட்பார்கள். குடித்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தந்தையார், தொழிலாளர் கூடும் காலைப் பெரட்டில் ஆள் பிரித்து அனுப்பியபின் ஒரு சுருட்டும், இரவுச் சாப்பாட்டின்பின் ஒரு சுருட்டும் பிடிப்பார். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கிழவிகள் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே கொழுந்தெடுத்தார்கள். ஆனால் அவர்களில் எவரும் ஒரு பையனை அழைத்து, "வா, நீயும் பிடி" என்று சொன்னதில்லை. நான் அருகே போனால் என் தந்தையாரின் சுருட்டு முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். தமக்கு வாய்த்த தீமையைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளும் வெட்கம் அவர்களுக்கு இருந்தது.

பிள்ளைகளைத் தேடி வந்த புகையை நான் முதன்முதலில் கண்டது என் மைத்துனர் வீட்டுத் திருமணத்தில். அவர் என் மனைவியின் அண்ணன். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கங்காணி. இரயில் பாதை அப்போது பண்டாரவளையோடு நின்றிருந்தது. நான் பதுளையில் ஆங்கிலப் பாடசாலை ஆசிரியன். மனைவியையும் இரண்டு ஆண் மக்களையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மூத்தவனுக்கு அப்போது பதினைந்து வயது. எட்டு வயது இளையவன் தாயின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டே வந்தான்.

எங்களிடையே வெற்றிலைத் தட்டின் அதிகாரம் பெரியது. தட்டை மறுத்தவன் அதை நீட்டியவரையே மறுத்தவனாகிறான். அதனால் மூண்ட பகைகள் இரண்டு தலைமுறைக்கு நீடித்ததை நான் கண்டிருக்கிறேன். இதே வழக்கம் பிள்ளைகளுக்கு ஒரு வேலியாகவும் இருந்தது. படிக்கிற பையனுக்குத் தாம்பூலம் இல்லை. தட்டு அவன் முன்னால் நில்லாமல் நகர்ந்துவிடும். விரதமிருப்பவர் மட்டும் தட்டின் விளிம்பைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு அடுத்தவரிடம் நகர்த்துவார். அன்றைய பந்தலிலும் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்ட ஒரு பெரியவர் அப்படித்தான் செய்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

பெரியவர்களின் தட்டு போனபின் இன்னொரு தட்டு வந்தது. அது பித்தளை அன்று. வண்ணப் படம் அச்சிட்ட தகரத் தட்டு. அதில் கற்கண்டும் மல்லிகைப் பூவும் சந்தனக் கிண்ணமும் இருந்தன. நடுவில், விசிறிபோல் விரித்துச் சிகரெட்டுகள். அதை ஏந்தி வந்தவன் கிழவர்களையெல்லாம் தாண்டிப் பந்தலின் பின்வரிசைக்குப் போனான். அங்கே அமர்ந்திருந்தவர்கள் பையன்கள்.

"எளந்தாரித் தட்டு! எளந்தாரித் தட்டு!" என்று யாரோ கூவினார்கள். பந்தல் சிரித்தது.

அதுவரை எந்தத் தட்டும் தம் முன்னால் நின்றறியாத பிள்ளைகள் அவர்கள். அன்று ஒரு தட்டு நின்றது. ஒருவன் எடுத்தான்; அடுத்தவன் அவனைப் பார்த்து எடுத்தான். என் மகன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து அவனிடம் போவதற்குள் அவனுடைய தாய்மாமன், "எடு மாப்ளே, தட்டுல வந்தத தள்ளக் கூடாது. மாமன் வீட்டுத் தட்டு!" என்று உரக்கச் சொன்னார். நூறு பேர் நடுவே, மணவீட்டில், மாமன் வாக்கு. எடுத்தான்.

பிறகு மைத்துனரைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"மச்சான், அது கொழும்புக் கம்பெனி ஏசண்டு கொடுத்துட்டுப் போனது. டின்னு டின்னா சும்மா குடுத்தாரு. தட்டும் அவரோடதுதான். எளசுகளுக்கு மட்டும் நீட்டணும்னு ஒரே ஒரு பேச்சு. கல்யாணத்துல நாலு பேரு சந்தோசமா இருந்துட்டுப் போறாங்க. நீங்க என்னமோ எழவு விழுந்த மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

அவர் கெட்டவர் அல்லர். இன்றும் அப்படியே நினைக்கிறேன். எங்கள் வழக்கத்தை எங்களைவிட நுணுக்கமாக அளந்து பார்த்த ஒருவன், அதன் எந்த இடத்தில் கை வைத்தால் கதவு திறக்கும் என்று கண்டுகொண்டிருந்தான். அவர் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.

அந்த முகவரைப் பதுளைக் கடைவீதியில் சந்தித்தேன். நான் வழக்கமாகச் சாமான் வாங்குவது ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடையில். முகவர், கோட்டும் தொப்பியுமாக, அந்தக் கடையின் முகப்பில் வண்ணப் படமொன்றைத் தொங்கவிட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்:

"வாங்க வாத்தியார். நீங்களே நியாயம் சொல்லுங்க. நான் விக்கிறவன், இல்லேங்கல. பெரிய ஆளுங்களுக்கு விக்கிறேன். இவரு படத்த ரோட்டுப் பக்கம் மாட்டாதே, பள்ளிக்கூடத்துப் பக்கம் மாட்டுங்கிறாரு. அதுவும் இடுப்பு ஒயரத்துல. பெரிய மனுசன் யாரு குனிஞ்சி பாக்கப் போறான்?"

முகவர் சிரித்தார். நல்ல பற்கள். தாமும் சிகரெட் குடிக்கிறவராக இருந்திருந்தால் அவை அவ்வளவு வெண்மையாக இருந்திரா.

"ஐயா, நாங்க யாரையும் வற்புறுத்துறதில்லீங்க. தட்டுல வைக்கிறோம். விருப்பமிருந்தா எடுக்கட்டும்."

"தட்டில் வைத்தால் எடுக்காமல் இருக்க முடியாதென்று உங்களுக்குத் தெரியும்."

"உங்க வழக்கத்த நாங்க மதிக்கிறோம்ங்க" என்றார். பிறகு, நான் படித்தவன் என்பதால் ஒரு தொழில் நுட்பத்தை என்னோடு பகிர்ந்துகொள்வதுபோல் தொடர்ந்தார்: "கெழவனுக்குச் சுருட்டுதாங்க. அவன மாத்த முடியாது. மீசை மொளைக்கிறவன் கையில ஒரு தடவ கொடுத்துட்டாப் போதும். அவன் ஆயுசுக்கும் நம்ம ஆளு."

கடைக்காரர் படத்தைச் சுருட்டி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இந்த எடத்துல இது வேணாங்க" என்றார். எதிர்க்கடைக்காரர் மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பக்கம்தான்; இடுப்பு உயரத்தில்தான்.

ஒவ்வொரு சிகரெட் பெட்டிக்குள்ளும் ஒரு சிறு படம் இருந்தது: போர்க்கப்பல், குதிரைப்படை வீரன், கிரிக்கெட் மட்டையோடு ஒரு வெள்ளைக்காரன். என் வகுப்பில் பூகோளம் நடந்துகொண்டிருக்கும்போது மேசைகளுக்கு அடியில் கப்பல்கள் கைமாறின. குதிரைப்படை முழுவதையும் சேர்க்கவேண்டுமென்றால் எத்தனை பெட்டிகளை ஊதித் தீர்க்கவேண்டும் என்பதை அச்சிட்டவன் அறிந்திருந்தான், பிள்ளைகள் அறியவில்லை. குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் செய்து அதற்குள் நெருப்பை வைப்பவனுக்கு எந்த நீதிமன்றத்திலும் தண்டனை உண்டு. இவர்களுக்கோ பதுளையில் வரவேற்பு இருந்தது. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம் கொடுத்தவர்களும் அவர்களே.

மாமன் வீட்டுத் திருமணத்தில் தொட்டதை என் மூத்த மகன் விடவில்லை; இரண்டாம் ஆண்டில் அவனுக்கு இருமல் தொடங்கியது. மூன்றாம் ஆண்டில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நெஞ்சில் நோய் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். நோயைப் புகைதான் கொண்டுவந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை நான் எழுதுவதில்லை. "இந்த நெஞ்சு இனிப் புகையைத் தாங்காது, நிறுத்திவிடச் சொல்லுங்கள்" என்பதே அவர் சொன்னது. மகனிடம் சொன்னேன்.

"விட்டுர்றேன்பா" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. விட முயன்றான். பெட்டியைத் தானே கிணற்றடியில் எறிந்துவிட்டு, மாலையில் அங்கே போய்க் குனிந்து தேடியதை அவனுடைய தம்பி பார்த்திருக்கிறான். மறுபடியும் எறிந்தான், மறுபடியும் தேடினான். பரீட்சையில் எந்தப் பாடத்திலும் தோற்றறியாத பையன் அவன். தன்னைவிட வலிய ஒன்று தனக்குள் இருக்கிறதென்று கண்டுகொண்டபோது அவன் முகத்தில் தோன்றிய வியப்பை நான் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஆயுசுக்கும் நம்ம ஆளு என்று முகவர் சொல்லியிருந்தார். என் மகனைப் பொறுத்தவரை அந்த வாக்கு பொய்க்கவில்லை.

அவனை நீராட்டியபோது நான் தலைப்பக்கம் நின்றேன். தம்பி தண்ணீர் ஊற்றினான். வலக்கையின் இரண்டு விரல்களில் இருந்த மஞ்சள் கறையை என் மனைவியின் தமக்கையார் சீயக்காய் போட்டுத் தேய்த்தார், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார். போகவில்லை. "விடுங்கள்" என்றேன். தம்பி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எங்கள் வழக்கத்தில் தந்தை மகனுக்குக் கொள்ளி வைப்பதில்லை. தம்பியே வைத்தான்.

கருமாதி பதுளையில் எங்கள் வீட்டில் நடந்தது. தோட்டத்து உறவினர் விடியற்காலையிலேயே நடந்து வந்து சேர்ந்தார்கள். மூத்தவனின் வகுப்புத் தோழர்கள் வந்து கூடத்தில் ஒரு வரிசையாக அமர்ந்தார்கள். கருமாதியின் முடிவில், கொள்ளி வைத்தவனுக்குத் தாய்மாமன் புதுத்துணியால் உருமால் கட்டுவார். அத்துடன் அவன் அந்த வீட்டின் ஆண்களில் ஒருவனாகிறான். பிறகு தாம்பூலம்; தட்டு முதலில் அவனிடமே வரவேண்டும். கட்டிக்கொள்ள இருந்தவன் இன்னும் குரல் உடையாத பிள்ளை.

சடங்கு முடியும் தறுவாயில் ஒரு கூலியாள் வாசலில் வந்து நின்றான். தலையில் பெட்டி, கையில் அந்த வண்ணத் தகரத் தட்டு.

"ஏசண்டு ஐயா அனுப்புனாருங்க. துக்க வீட்டுக்கு அவரோட மரியாதைன்னு சொல்லச் சொன்னாருங்க."

கடுமையான சொற்கள் பல எனக்குத் தெரியும். மூன்று மொழிகளில் தெரியும். அவற்றில் ஒன்றையும் நான் அன்று பேசவில்லை. துக்க வீட்டுக்கு வந்த மரியாதையை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பும் உரிமை எந்த வீட்டுக்காரனுக்கும் இல்லை. அதையும் அந்த மனிதர் அறிந்திருந்தார். தம் வாடிக்கையாளன் ஒருவன் இறந்த வீட்டுக்கே அடுத்தவனைத் தேடி ஆள் அனுப்பியிருந்தார்.

யாரோ பெட்டியிலிருந்த டின்னைத் திறந்து தகரத் தட்டில் பரப்பிவிட்டார்கள். வெற்றிலை ஒரு பக்கம், சிகரெட் ஒரு பக்கம். மைத்துனர் என் இளைய மகனுக்கு உருமாலைக் கட்டினார். துணி பெரிது, தலை சிறிது. அது அவன் காதுவரை இறங்கியது. அவர் கண்களில் நீர் இருந்தது. பிறகு தட்டை எடுத்து அவன் முன் நீட்டினார்.

"எடு மாப்ளே. இன்னிக்கி நீதான் மொதல்ல."

வெற்றிலைதான் எடுக்கச் சொன்னாரா, எதையாவது எடுக்கச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கூடத்தில் அமர்ந்திருந்த பையன்கள் எல்லாரும் அவன் கையையே பார்த்தார்கள். நான் வாய் திறந்திருந்தால் அது தந்தையின் தடையாகியிருக்கும். தடையை மீறுவதற்கென்றே அந்த வயது படைக்கப்பட்டிருக்கிறது. திறக்கவில்லை.

அவன் இரண்டு கைகளாலும் தட்டின் விளிம்பைத் தொட்டான். கண்களில் ஒற்றிக்கொண்டான். தட்டைப் பக்கத்தில் இருந்தவன் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

மைத்துனர் திகைத்தார். "என்ன மாப்ளே, விரதமா?"

"ஆமா மாமா."

"எத்தன நாளைக்கு?"

"நாள் வைக்கல மாமா."

சற்று முன் தாமே உருமால் கட்டி ஆளாக்கியவனை அந்த நிமிடத்திலேயே அதட்ட எந்தத் தாய்மாமனாலும் முடியாது. தட்டு அடுத்தவனிடம் போயிற்று. மூத்தவனோடு ஒரே பலகையில் இருந்து படித்தவன் அவன். சட்டைப்பையில் குதிரைப்படை வைத்திருந்தவன். தொட்டான், ஒற்றிக்கொண்டான்.

"ஒனக்கு என்னடா விரதம்? நேத்துக் கருவாட்டுக் கொழம்புல கைய நனைச்சவன்தானே நீ!" என்றார் ஓரத்தில் இருந்த ஒரு கிழவர்.

"அது வேற தாத்தா. இது வேற."

துக்க வீட்டில் சிரிப்பது முறையன்று, சிலர் சிரித்தார்கள். நான் அவர்கள்மேல் வருத்தப்படவில்லை. தட்டு வரிசையின் கடைசிவரை போயிற்று. ஒருவன் ஒன்றை எடுத்தான். எடுத்துவிட்டு, பற்றவைக்காமல், எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். மற்றவர்கள் எல்லாரும் தொட்டு ஒற்றி நகர்த்தினார்கள். தட்டு மறுக்கப்படவில்லை. அவமதிப்பு என்று எவரும் சொல்ல வழியில்லை. போனபடியே அது மைத்துனரின் கைக்குத் திரும்பி வந்தது.

அவர் அதைத் தரையில் வைத்தார். பிறகு வெற்றிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எங்கள் பித்தளைத் தட்டில் வைத்தார். தகரத் தட்டைச் சிகரெட்டுகளோடு கூலியாளிடம் கொடுத்தார்.

"மரியாதைய தொட்டுக்கிட்டோம்னு ஒங்க ஐயாகிட்டப் போய்ச் சொல்லு. இனிமே என் வீட்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் இந்தத் தட்டு வரவேணாம்."

எங்கள் வழக்கத்தை அவ்வளவு கூர்ந்து படித்த முகவர், தொட்டால் போதும் என்ற ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருந்தார். இதனால் அவருடைய வியாபாரம் படுத்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அது உண்மையன்று. எதிர்க்கடையில் அந்தப் படம் வெயிலில் வெளுத்ததும் புதியதொன்று வந்தது. மடுல்சீமைத் தோட்டத் திருவிழாவில் அதே தட்டைக் கண்டதாக என் மாணவன் ஒருவன் சொன்னான். நான் பேசாத கூட்டமில்லை, தட்டாத கதவில்லை. "வற்புறுத்தவில்லையே, வைக்கத்தானே வைக்கிறார்கள்" என்றே பெரிய மனிதர்கள் எல்லாரும் எனக்கு விடை சொன்னார்கள். அந்த விடையை யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாலை எல்லாரும் போனபின் இளையவன் உருமாலை அவிழ்த்து மடித்து, அண்ணனின் புத்தகங்கள்மேல் வைத்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"அப்பா, நான் விரதம் ஒண்ணும் இருக்கலியே. மாமாகிட்டப் பொய் சொல்லிட்டேனா?"

"இல்லை" என்றேன். அவனை அருகே இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன்.

இப்போது அவன் தன் அண்ணனைவிட மூத்தவனாகிவிட்டான். தட்டு வரும்போதெல்லாம் விளிம்பைத் தொட்டு ஒற்றிக்கொள்கிறான். விரதம் எப்போது முடிகிறதென்று உறவினர் கேலி செய்கிறார்கள். அவன் இன்னும் நாள் வைக்கவில்லை.