நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஏலக்காரர் இருக்கிறார். அவருக்கு நேர் கீழே என் பட்டறை. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதும் பம்பு பழுது பார்ப்பதும் என் தொழில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அதனால் இதில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் இருக்கிற பிழையைத்தான் யாராலும் திருத்த முடியாது.

பழைய சாமான் ஏலக்கூடத்தில் அவர் முப்பத்தொரு வருஷம் மேடையேறியவர். மைக் வைத்துக்கொண்டதே இல்லை. கால் உடைந்த நாற்காலி வந்தால்கூட, "மூணு கால்லயே இவ்வளவு கம்பீரமா நிக்குது, நாலாவதும் இருந்தா உங்களையெல்லாம் மதிக்குமா?" என்று கேட்டுத் தள்ளிவிடுவார். "ஒரு தரம்" என்பார். கூடம் மூச்சை அடக்கிக்கொள்ளும். "ரெண்டு தரம்" வருவதற்குள் ஒரு மனுஷன் வீட்டுக்காரியை நினைத்து, வீட்டில் இடம் இருக்கிறதா என்று யோசித்து, வேண்டாம் என்று கையை இறக்கி, மறுபடி தூக்கிவிடலாம். அவ்வளவு இடைவெளி விடுவார். "பேசறதுக்கு எவன் வேணா வருவான். அந்த இடைவெளிக்குத்தான்டா எனக்குச் சம்பளம்" என்பார் என்னிடம்.

அப்படிப்பட்ட தொண்டையில்தான் நோய் வந்தது. குரல்வளையை எடுத்தே தீர வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள், கடல் தாண்டி வேலையில் இருக்கிறாள். ஒரு மாசம் லீவு போட்டு ஓடி வந்தாள். வந்தவள் அழவில்லை. ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வாங்கி மேஜையில் வைத்தாள்.

"அப்பா, ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க வழக்கமா பேசறதையெல்லாம் இதுல பேசி வச்சிடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். அப்புறம் நம்பரை அமுக்கினா உங்க குரலே பேசும்."

ஏலக்காரர் நீள நோட்டு ஒன்றில் வரிசையாக எழுதிக்கொண்டார். பத்தொன்பது நாள் என் தலைக்கு மேலே அவர் பேசிக்கொண்டே இருந்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும் என்பதால் கம்ப்யூட்டரில் வருகிற எழுத்தையெல்லாம் தமிழாக்கி வைத்துவிட்டுப் போனாள் மகள்.

ஒன்று: "ஹலோ, அப்பா பேசறேன்." ஏழு: "நான் நல்லா இருக்கேன், நீ கவலைப்படாதே." இருநூறு: "பதறாத காரியம் சிதறாது." எனக்கென்று தனியாகப் பதினொன்று ஒதுக்கியிருந்தார். பத்து திட்டு. எண்பத்தெட்டாவதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது: "டேய் மோட்டாரு, உன் மூளைக்கும் ஒரு தரம் காயில் கட்டணும்டா." திட்டாத அந்தப் பதினோராவது மட்டும், "சரி, உட்காரு."

ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டைக் குழியில் ஓர் ஓட்டை. அதன் மேல் துணி. படம் காட்டிப் பேசுகிற போன் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார், பேத்தி பயந்துவிடுவாள் என்று. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெறும் போன். ஸ்பீக்கர் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நம்பரை அமுக்குவார். நாலு வயசுப் பேத்திக்கு முந்நூறாம் நம்பர்: "இதோ ஒரு பொம்மை! கண்ணு ரெண்டும் முழுசு! ஒரு தரம்..." அந்தப் பக்கம் அவள் கத்திக் கத்தி விலை கேட்பாள். நான் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

என்னோடு பேச அவர் நம்பரைத் தேடுவது குறைவு. கைத்தடியால் தரையில் மூன்று தட்டினால் மேலே வா. மேஜையில் விரல் முட்டியால் ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தால் சிலேட்டில் எழுதுவார். தட்டிலும் ஏலக்கூடத்துப் பழக்கம் போகவில்லை. முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அதே இடைவெளி. எத்தனையோ தடவை, ஆமாம் என்று நினைத்து நான் எழுந்த பிறகு இரண்டாவது விழுந்திருக்கிறது. போகப் போகக் காத்திருக்கப் பழகிக்கொண்டேன். நம் சுபாவத்துக்கு அது லேசில்லை. என் வீட்டுக்காரி பதினோரு வருஷம் முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போகும்போது, "நான் சொல்றதை ஒரு நாளாவது முழுசாக் கேட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தாள். அதையும் நான் முழுசாகக் கேட்கவில்லை.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவும்போது மேலே மூன்று தட்டு. போனேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே, 'மேம்படுத்தப்படுகிறது, 71 சதவீதம்' என்று இருந்தது.

"என்ன அண்ணே பண்ணுனீங்க?"

சிலேட்டில் எழுதினார்: 'புதுப் பதிப்பு தயார், மேம்படுத்தவா என்று கேட்டது. நல்லதுக்குத்தானே என்று அமுக்கினேன்.' துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: 'மூணு மணி நேரமா எழுபத்தொண்ணு. ஏலம் நகரவில்லை.'

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் குரலில் சோற்றுப் பருக்கை இருந்தது.

"திங்கக்கிழமை எடுத்துட்டு வாங்க. அது வரைக்கும் எதையும் தொடாதீங்க."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வேணுமே."

"நாளைக்கு நான் ஊர்லயே இல்லைங்க. சொன்னது ஞாபகம் இருக்கட்டும், தொடாதீங்க."

போனை வைத்துவிட்டு ஏலக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்திக்கு அந்த ஞாயிறு பிறந்தநாள்.

"அவன் கிடக்கறான் அண்ணே. ஓடுறது எதுவா இருந்தாலும் மோட்டார்தான். சூடாகியிருக்கும். ஆற வச்சுப் பாப்போம்."

சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கி, பின்பக்கம் செருகியிருந்த மைக், ஒயர் எல்லாவற்றையும் கழற்றினேன். மூடியைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டினேன். கால் மணி நேரம் ஆறப்போட்டேன். திரும்பப் போட்டால் வட்டம் சுற்றியது, 'மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன' என்றது, தானாகவே அணைந்தது, தானாகவே எழுந்தது. செக்குமாடு மாதிரி அதே சுற்று. மூன்றாம் தடவை திரை நீலமாகி ஒரு பட்டியல் வந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மேலே பெரிய எழுத்தில், 'பழுது நீக்கம்'.

"பாத்தீங்களா அண்ணே, நம்ம கடை போர்டு!"

பட்டியலில் ஒன்று, 'இந்தக் கணினியை மீட்டமை'. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மீட்டு, அமை. தொலைந்ததை மீட்டு, பழையபடி அமைத்துக் கொடுக்கும். இதைவிடத் தெளிவாக ஒரு மிஷின் எப்படிச் சொல்லும்? அடகு வைத்ததை மீட்பதும் மீட்புத்தான், கிணற்றில் விழுந்தவனை மீட்பதும் மீட்புத்தான். எந்த ஊரிலாவது மீட்பது என்றால் துடைத்து எறிவது என்று அர்த்தம் உண்டா?

அமுக்கினேன். அடுத்து இரண்டு கேள்வி. 'எனது கோப்புகளை வைத்திரு.' 'அனைத்தையும் நீக்கு.'

"கோப்பா? நமக்கு ஏது அண்ணே கோப்பு? நாம என்ன கோர்ட்டா, கச்சேரியா? பேசி வச்ச குரல்தானே இருக்கு. மேலதான் பழுது நீக்கம்னு போட்டிருக்கானே, இதுவும் அதுதான், இருக்கிற பழுதெல்லாத்தையும் நீக்கறது. அமுக்கட்டுமா?"

ஏலக்காரர் முன்னால் குனிந்து திரையைப் படித்தார். உதடு அசைந்தது. கையை மேஜைக்குக் கொண்டு வந்தார்.

ஒரு தட்டு.

அமுக்கினேன்.

இரண்டாவது தட்டு என் கைக்குப் பக்கத்தில் விழுந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏலத்தில் சாமான் கைமாறிய பிறகு கையைத் தூக்குகிறவனை அவர் பார்க்கிற பார்வை அது. 'நீக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்றது திரை. பிளக்கில் கை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். பிடுங்கினால் இருக்கிறதும் போய்விடுமோ என்று பயம். அது ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணி முடிக்கிறவரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் புத்தம்புதுசாக, 'வணக்கம்' என்றது. எங்களை அதற்கு முன்பின் தெரியாது.

அவர் நோட்டை எடுத்து ஒன்றாம் நம்பரை அமுக்கினார். ஏழாம் நம்பரை அமுக்கினார். எண்பத்தெட்டை அமுக்கினார். என்னைத் திட்டக்கூட அதில் ஒன்றும் மிச்சமில்லை.

கடைக்காரருக்கு மறுபடி போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "எல்லாத்தையும் நீக்குன்னா எல்லாத்தையும்தாங்க நீக்கும்" என்றார். திங்கட்கிழமை தூக்கிக்கொண்டு போனதும் ஒன்றும் தேறாததும் பின்கதை. மகள், "இன்னொரு பிரதி எடுத்து வைங்கப்பா" என்று போகும்போதே சொன்னதும், இவர் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியதும் அந்தச் சனிக்கிழமை அவர் சிலேட்டில் எழுதித்தான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணே" என்றேன். அவர் நோட்டை மூடி அதன் மேல் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார். உட்காரு என்று சொல்ல அந்தக் குரல் இல்லாததால் நான் கீழே இறங்கிவிட்டேன். அன்று பட்டறையில் ஒரு காயிலுக்கு இருநூறு சுற்று போட வேண்டிய இடத்தில் எத்தனை போட்டேன் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.

ஞாயிறு காலை பத்துக்குக் கால் மணி முன்பு தரையில் மூன்று தட்டு. இரண்டு இரண்டு படியாக ஏறினேன். ஏலக்காரர் சலவைச் சட்டை போட்டு, தொண்டைக்குப் புதுத் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். சிலேட்டில் பெரிதாக எழுதியிருந்தது: 'நீ பேசு.'

போன் அடித்தது. எடுத்து நடந்ததை நானே சொன்னேன். மேஜை தட்டுகிற கணக்கையும் சொன்னேன். மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சரி சித்தப்பா. நீங்க வேணும்னேவா செய்வீங்க?" என்றாள். பிறகு தள்ளி யாரிடமோ, "குட்டி, தாத்தா லைன்ல இருக்காங்க" என்றாள்.

"தாத்தா! என் புதுப் பொம்மையை ஏலம் போடு!"

ஏலக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இதோ ஒரு பொம்மை! கண்ணு ரெண்டும் முழுசு! ஒரு தரம்..." அவர் மேஜையைத் தட்டினார். அவருடைய இடைவெளியை விட்டேன். "ரெண்டு தரம்..."

அந்தப் பக்கம் விலையே வரவில்லை.

"அம்மா, இது தாத்தா இல்ல."

"தாத்தாதான்மா. மேஜையைத் தட்டறது தாத்தா."

"இல்ல. இது வேற யாரோ." போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போகிற கால் சத்தமும்.

மகள் திரும்ப வந்தாள். "அப்பா, அவ சின்னப் பொண்ணு. மனசுல வச்சுக்காதீங்க. நீங்க நல்லா இருக்கீங்கல்ல?"

வாராவாரம் அவள் கேட்கிற கேள்வி. வாராவாரம் ஏழாம் நம்பர். மேஜையில் கிடந்த நோட்டை என் கண் தானாகத் தேடியது. நானூற்றுப் பன்னிரண்டில் நல்லா இல்லை என்று ஒரு வரி கிடையாது. பத்தொன்பது நாள் உட்கார்ந்து பேசியவர் அதை மட்டும் பேசி வைக்கவில்லை.

ஒரு தட்டு.

"அப்பாடா, அது போதும்பா, நான் என்னவோன்னு..."

"பொறும்மா!" என்று கத்திவிட்டேன். "முழுசாக் கேளு."

அவள் நிறுத்தினாள். போனில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. ஏலக்காரரின் விரல் முட்டி மேஜைக்கு மேலே அப்படியே நின்றது. வேண்டுமானால் அவர் அந்த ஒரு தட்டோடு கையை மடியில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது தட்டு விழுந்தது.

மகளின் குரல் சின்னதாகிவிட்டது. "வலிக்குதாப்பா?"

இரண்டு தட்டு.

"சாப்பிட முடியலையா?"

இரண்டு தட்டு.

"அப்ப... அங்க ரொம்பத் தனியா இருக்கற மாதிரி இருக்காப்பா?"

நான் அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கை அவர் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு தட்டு.

இரண்டாவதுக்குக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் அவளும் காத்திருந்தாள். ஏலக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.