சூஜ் என்றால் சூடு இல்லை

ஆய்வகத்தில் என் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். பெருங்குடல் அழற்சிக்குக் கொடுக்கும் மாத்திரைகள், செங்கல் நிறத்தில் கொஞ்சம் பெரியவை. ஒரு மழைக்காலம் முழுக்க சித்தி விழுங்காமல் விட்டவை அவை. புனேயின் ஹடப்சர் பகுதியில் மருந்து ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளிடம் மாத்திரை இருப்பதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் புனே வந்தவர் சித்தி. கேம்ப் பகுதியில் அவர் வீட்டில் தங்கித்தான் நான் கல்லூரி முடித்தேன். பிள்ளை இல்லாத அவருக்கு நான்தான் மகள். ஞாயிறு தமிழ் ஆராதனையில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்பார். அவர் குரல் ஏறினால் மற்றவர்கள் தானாக இறங்கிக்கொள்வார்கள். அந்த வரிசைதான் அவருடைய உலகம். திடீரென்று ஒருநாள் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். கேட்டவர்களிடம் கால்வலி என்றார். ஆராதனைக்குள் நான்கு முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது, ரத்தமும் போகிறது என்று என்னிடம் சொல்லவே அவருக்கு இரண்டு மாதம் ஆனது.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். சித்திக்குக் காய்கறி வாங்கும் அளவுக்கு மராத்தி தெரியும், அதற்குமேல் வராது. டாக்டர் படம் வரைந்து பொறுமையாக, "ஆதட்யாலா சூஜ் ஆஹே" என்றார். குடலில் வீக்கம் என்று அர்த்தம். சித்தி என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, சூடுன்னா சொல்லுதாரு?"

மூன்று மணிக்கு ஆய்வகத்தில் ஒரு அளவீடு எடுக்க வேண்டும். அங்கே என் வேலையே இந்த அழற்சியைத் தணிக்கும் சேர்மங்களைச் சோதிப்பதுதான். வெளியே ஆட்டோ வேறு காத்திருந்தது. "ஆமா சித்தி, சூடுதான். மாத்திரை போட்டா சரியாயிரும்" என்றேன். அழற்சி என்ற சொல்லிலேயே அழல் இருக்கிறதே என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அப்போது அதுகூடத் தோன்றவில்லை, அவசரம் மட்டும்தான்.

மாத்திரை கேட்டது. கோடையில் சித்தி மறுபடி முன்வரிசையில் நின்று பாடினார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. புனே மழையில் உடம்பு குளிராமல் என்ன செய்யும்? சூடு தணிந்துவிட்டது என்று அவராகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் வாரம் ஒருமுறை போனில் "மாத்திரை இருக்கா சித்தி?" என்று கேட்பேன். "நெறைய இருக்குட்டி" என்பார். சாப்பிடுகிறாரா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மழை ஓயும்போது அவரைத் தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெருங்குடலையே எடுக்க வேண்டியதாயிற்று. ஏன் மருந்தை நிறுத்தினார் என்று டாக்டர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "மழ வந்துட்டுல்லா, சூடு எறங்கிட்டு" என்றார் சித்தி. டாக்டரிடம் மராத்தியில், "மறந்துவிட்டாராம்" என்றேன். முதல்முறை செய்தது அவசரத்தில். இது தெரிந்தே செய்தது.

இப்போது சித்தியின் வயிற்றில் கழிவு சேரும் ஒரு பை ஒட்டியிருக்கிறது. அது சில நேரம் சத்தம் போடும். ஜெபத்தின் அமைதியில் சத்தம் போட்டால் என்ன செய்வது என்று பாடகர் குழுவை விட்டுவிட்டார். "ஒங்க ஆபீஸ்ல ஆருக்காவது குடு, வீணாப் போவாண்டாம்" என்று அந்த டப்பாவை என்னிடம் தந்தார்.

போன ஞாயிறு சர்ச் பெண்கள் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "இவ படிச்ச பிள்ளல்லா. அன்னைக்கே சரியா சொல்லிட்டா, சூடுன்னு. நாந்தான் சூட்டக் கெளப்புறதத் தின்னு கெடுத்துக்கிட்டேன்." நான் காலி டீக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மாத்திரைகள் தேதி தாண்டிவிட்டன. கழிவு மருந்துகளைப் போட ஆய்வகத்தில் ஒரு தொட்டி இருக்கிறது, என் மேசையிலிருந்து பத்தடிதான். சூஜ் என்றால் என்னவென்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போடலாம் என்று வைத்திருக்கிறேன்.